குடும்பத்தைக் கூட்டி வரலாமா? சிங்கப்பூரில் எஸ் பாஸில் இருக்கும் தம்பிக்கு

தம்பி, எஸ் பாஸில் (நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதி) இருக்கிறேன், மாதச் சம்பளம் 4,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பணம் கொடுத்தால் மனைவி, பிள்ளைக்கு டிபெண்டன்ட் பாஸ் (குடும்பம் இங்கே கூடத் தங்குவதற்கான அனுமதி) எடுத்துத் தருகிறேன் என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார், நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். நம்ப வேண்டாம். அந்தப் பாஸுக்கு மாதம் 6,000 வெள்ளி நிலையான சம்பளம் வேண்டும், ஓவர்டைம் அதில் சேராது, விண்ணப்பத்தையும் உங்கள் கம்பெனியோ கம்பெனி நியமித்த ஏஜென்டோதான் போட வேண்டும். சம்பளத்தைக் கூட்டிக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், பொய்த் தகவல் கொடுத்த குற்றத்தில் உங்கள் பாஸே போய்விடும்.

மூன்று வயது மகன் வீடியோ காலில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் வந்ததும் கடனை அடைக்கத்தான், இரண்டு வருடம் என்று சொல்லிவிட்டு வந்து பதினோரு வருடம் ஆகிறது. முதல் லீவில் ஊருக்குப் போனபோது என் மகள் பாட்டியின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டு, போனைக் காட்டி "அப்பா அதுல இருக்காரு" என்றாள்.

அப்புறம் ஒன்று செய்தேன். இங்கே இரவு பத்து மணி என்றால் ஊரில் ஏழரை, அவள் சாப்பிடும் நேரம். போனைச் சொம்பில் சாய்த்து வைக்கச் சொல்லிவிட்டு நானும் டார்மிட்டரியில் தட்டோடு உட்கார்ந்துவிடுவேன். "சாப்டியா, படிச்சியா" என்ற விசாரணையெல்லாம் கிடையாது. நாலைந்து மாதத்தில் அவளே அப்பளத்தை உடைத்துத் திரையில் ஊட்ட ஆரம்பித்தாள்.

ஏஜென்டுக்குக் கொடுக்க வைத்திருக்கும் பணத்தில் பொங்கலுக்கு டிக்கெட் போடுங்கள். லீவை இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள், ஜனவரியில் எல்லோரும் கேட்பார்கள்.