டன்லூஸ் கோட்டை ஏன் பாழானது?

அயர்லாந்தில் குலக் கோட்டை என்பது ஒரு வம்சத்தின் தலைவர் குடியிருந்து, அங்கிருந்தே தன் நிலத்தை ஆண்ட அரண். குலம் நொடித்தால் கோட்டையும் நொடிக்கும். வடக்கே ஆன்ட்ரிம் கடலோரப் பாறைமேல் நிற்கும் டன்லூஸின் கதையும் இதுதான். மக்குவில்லன் குலத்தார் 1500 வாக்கில் கட்டியதை 1550களில் மக்டொனல் என்ற இன்னொரு குலத்தார் பிடித்தார்கள். 1588இல் அருகே மூழ்கிய கிரோனா என்ற ஸ்பானியக் கப்பலின் பீரங்கிகளைக்கூட எடுத்துவந்து வாசலில் நிறுத்தினார்கள், கெட்டிக்காரர்கள்தான்! 1690இல் இங்கிலாந்து அரியணைக்காக அயர்லாந்தில் நடந்த பாய்ன் போருக்குப் பின் மக்டொனல்களின் வருமானம் வற்றியது, கோட்டை காலியானது. ஆளில்லாத ஓட்டு வீடு போலத்தான்: முதலில் கூரை போகும், அப்புறம் சுவர், மிச்சக் கல்லை அக்கம்பக்கத்தார் எடுத்துப்போவார்கள்.

1639 புயலில் சமையலறை கடலில் விழுந்ததால் ஓடிவிட்டார்கள் என்பார்கள். ஆனால் சமையலறை இன்றும் அங்கேயே இருக்கிறது. கடலில் சரிந்தது குடியிருப்பின் வடக்குச் சுவர், அதுவும் 18ஆம் நூற்றாண்டில்தான்.