பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடக்கும்போது அமெரிக்கப் போலீஸ் ஏன் வெளியே காத்து நிற்கிறது?

காத்து நிற்கக் கூடாது என்பதுதான் இங்கே இருபது வருஷத்துக்கும் மேலான பாடம். 2022-ல் டெக்சஸ் மாநிலத்து உவால்டே ஊர்ப் பள்ளியில் போலீஸ் காத்து நின்றதன் மீதான கோபம் ஆறாததும் அதனால்தான்.

1999-க்கு முன்பு வழக்கம் வேறு. முதலில் வரும் போலீஸ் கட்டடத்தைச் சுற்றி வளைக்கும், ஸ்வாட் அதிரடிப்படை வந்த பிறகுதான் உள்ளே போகும். வங்கியில் பணயக்கைதிகளைப் பிடித்து வைத்திருப்பவனுக்கு அது சரி. அவனுக்கு ஏதோ வேண்டும், பேசலாம். கொல்வதற்கென்றே வந்தவனிடம் பேச என்ன இருக்கிறது?

அந்த 1999-ல் கொலராடோ மாநிலத்துக் கொலம்பைன் பள்ளியில் சுட்ட இருவரும் மதியம் 12 மணி தாண்டிச் சில நிமிடங்களிலேயே தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டு இறந்துவிட்டார்கள். அது தெரியாத ஸ்வாட் படை அறை அறையாகத் தேடியது. குண்டடிபட்ட ஆசிரியர் ஒருவர் மணிக்கணக்கில் ரத்தம் இழந்துகொண்டிருந்தார். கூட இருந்தவர்கள், ஒருவர் ரத்தம் கொட்டிச் சாகிறார் என்று எழுதி ஜன்னலில் வைத்தும் பார்த்தார்கள். படை அவரிடம் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் இரண்டரை மணி தாண்டியிருந்தது. பிழைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் பயிற்சி தலைகீழாக மாறியது. முதலில் வருகிற நாலு பேரோ, இரண்டு பேரோ, ஏன், ஒற்றை ஆளோ, சத்தம் வரும் திசைக்குப் போக வேண்டும். வழியில் காயம்பட்டவர் கூப்பிட்டாலும் தாண்டித்தான் போக வேண்டும். கேட்கக் கொடூரமாக இருக்கும். ஆனால் சுடுகிறவனை நிறுத்தாதவரை காயம்பட்டவர் எண்ணிக்கை கூடிக்கொண்டேதான் போகும்.

சரி, இதெல்லாம் தெரிந்தும் 2022 மே 24 அன்று உவால்டேயில் என்ன ஆனது? துப்பாக்கிதாரி உள்ளே நுழைந்த மூன்றே நிமிடத்தில் போலீஸும் நுழைந்தது. உள்ளிருந்து குண்டு பாய்ந்து இருவருக்குச் சிராய்த்ததும் பின்வாங்கினார்கள். 'அறைக்குள் பதுங்கிவிட்டான், இனி அவசரமில்லை' என்று, அந்த ஊர்ப் பள்ளிகளுக்கென்றே இருக்கும் போலீஸின் தலைவர் முடிவுகட்டினார். என் பார்வையில் தவறு அங்கேதான். அப்படி நினைத்த நொடியில் விதிமுறையே மாறிவிடுகிறது: கேடயம் தேடலாம், சாவி தேடலாம், ஆள் சேர்க்கலாம். மொத்தம் 376 பேர் சேர்ந்தார்கள். உள்ளேயிருந்து ஒரு குழந்தை 911 என்ற அவசர உதவி எண்ணுக்குப் போன் செய்து கிசுகிசுத்துக்கொண்டிருந்தது. 12:21-க்கு மறுபடி வெடிச்சத்தம் கேட்டது, அப்போதும் போகவில்லை. சாவி தேடிய அந்தக் கதவு பெரும்பாலும் பூட்டியே இருந்திருக்காது என்று பின்னால் விசாரணையில் தெரிந்தது. 77 நிமிடம் கழித்து உள்ளே போய் அவனைச் சுட்டது எல்லைக் காவல் படையினர் முன்னின்ற குழு. 19 குழந்தைகள், இரண்டு ஆசிரியைகள் இறந்தார்கள்.

என் மகளும் டெக்சஸில் நாலாம் வகுப்புதான். விளக்கை அணைத்து, மூலையில் ஒடுங்கி, மூச்சுச் சத்தம்கூட வராமல் உட்காரப் பள்ளியில் பழக்குகிறார்கள். யாராவது வரும்வரை அப்படியே இருக்கச் சொல்கிறார்கள்.

எல்லா ஊரிலும் இப்படி இல்லை. உவால்டேக்கு அடுத்த வருஷம், 2023 மார்ச்சில், நாஷ்வில் நகரத்துப் பள்ளியில் முதல் அழைப்பு 10:13-க்கு வந்தது. 10:27-க்குத் துப்பாக்கிதாரி வீழ்த்தப்பட்டாயிற்று. ஸ்வாட்டுக்காக யாரும் நிற்கவில்லை, வந்தவர்கள் அப்படியே சத்தம் கேட்ட மாடிக்கு ஓடினார்கள். அப்படியும் அதற்குள் மூன்று குழந்தைகள் உட்பட ஆறு பேர் போய்விட்டார்கள்.