கேளுங்க, சொல்றேன்: கம்ப்யூட்டர் வந்தும் கணக்கு ஏன் உதைக்குது?

கேள்வி: அக்கா, கோத்தகிரி பக்கம் எங்க அப்பா இலை ஏஜெண்ட். அறுபது விவசாயிங்ககிட்ட பச்சைத் தேயிலை எடுத்து டீ ஃபேக்டரிக்கு அனுப்புறோம். போன வருஷம் கம்ப்யூட்டர், சாஃப்ட்வேர் எல்லாம் போட்டும் மாசக் கடைசியில கணக்கு உதைக்குது, விவசாயிங்க சண்டைக்கு வர்றாங்க. நான் பி.காம் படிக்கிறேன், அதுல இன்ஃபர்மேஷன் சிஸ்டம்னு ஒரு பேப்பர் இருக்கு. கம்ப்யூட்டர் வெச்சிருந்தா அதுதானே இன்ஃபர்மேஷன் சிஸ்டம்? அப்புறம் ஏன் இப்படி?

பதில்: இல்ல தம்பி, கம்ப்யூட்டர் அதுல ஒரு பாகம்தான். ஆளுங்க, வேலை நடக்கற முறை, மெஷின், சாஃப்ட்வேர், எழுதி வெக்கிற விவரம், அதை ஒரு இடத்துலருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டு போற வழி, இத்தனையும் சேர்ந்தாதான் சிஸ்டம். உங்க சிஸ்டம் வீட்ல இருக்கற ஸ்கிரீன்ல ஆரம்பிக்கல, சாயங்காலம் ரோட்டோரத்துல தராசு தொங்குதே, அங்க ஆரம்பிக்குது.

அந்த இடத்துல நடக்கறதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. மழை தூறுது, வண்டிக்காரர் அவசரப்படுத்துறாரு, பை தராசுல ஏறுது, 34 கிலோ காட்டுது, ஈர இலை அதனால 2 கிலோ தண்ணிக் கழிவுன்னு சொல்றாங்க, விவசாயி நோட்டுல 34ன்னு எழுதிக் குடுத்துட்டு எடை போடற உங்க ஆளு உங்க நோட்டுல 32ன்னு எழுதிக்கறாரு. ராத்திரி வீட்ல இன்னொருத்தர் 32ஐ டைப் பண்றாங்க, ஈர இலைன்னு டிக் வேற போடறாங்க, சாஃப்ட்வேர் மறுபடியும் 2 கழிச்சு 30 ஆக்கிடுது. கூட்டல் கழித்தல் எல்லாம் சரி, மெஷின் ஒரு தப்பும் பண்ணல, ஆனா அந்த வீட்டுக்கு 2 கிலோ போச்சு. மாசத்துல பத்து நாள் மழைன்னா 20 கிலோ. நான் ஒரு ஃபேக்டரி ஆபீஸ்ல இலைக் கணக்கு எழுதுன காலத்துல ஒரு அம்மா தன்னோட நோட்டை நெஞ்சோட புடிச்சிக்கிட்டு கவுண்டர் முன்னாடி அரை நாள் நின்னாங்க, கடைசியில பார்த்தா அவங்க நோட்டுதான் சரி, இதே மாதிரி ரெண்டு தடவை கழிச்சிருந்தோம். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கல. அதனாலதான் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்.

உங்க பேப்பர்ல டேட்டா வேற, இன்ஃபர்மேஷன் வேறன்னு வருமே, அது இதுதான். 34ங்கறது வெறும் டேட்டா. மாச எடையைக் கூட்டி, விலையால பெருக்கி, உரத்துக்கு வாங்கின அட்வான்ஸைக் கழிச்சு, இவருக்கு இவ்ளோ தரணும்னு வர்றதுதான் இன்ஃபர்மேஷன். அந்த விலைகூட வெளியில இருந்து வர்ற விவரம்தான், குன்னூர்ல 1963லருந்து நடக்கற ஏலத்துல டீத்தூள் என்ன விலைக்குப் போகுதோ அதை வெச்சுத்தான் மத்திய அரசோட டீ போர்டு மாசாமாசம் நீலகிரிக்கு இலையோட சராசரி விலையைச் சொல்லுது.

அதே 34 ஃபேக்டரி மேனேஜருக்கு வேற அர்த்தம். ஒரு கிலோ தூளுக்கு சுமாரா நாலரை கிலோ இலை ஆகும், திடீர்னு அஞ்சரை கிலோ ஆகுதுன்னா தண்ணி கூடவா, எடையில தப்பான்னு அவர் கேப்பாரு. அன்னாட வரவு எழுதறது ஒரு மட்டம், மாச ரிப்போர்ட் அதுக்கு மேல, மழைக்காலத்துல வண்டியைத் தினம் அனுப்பலாமா ஒரு நாள் விட்டு ஒரு நாளான்னு முடிவெடுக்க உதவறது அதுக்கும் மேல. அடியில 34 தப்புன்னா மேல இருக்கற எல்லாமே தப்பு.

மொத்த எடை, கழிவு, நிகர எடைன்னு மூணு கட்டம் ரெண்டு நோட்டுலயும் போடுங்க, விவசாயி பார்க்கவே எழுதுங்க, டைப் பண்றவங்க மொத்தத்தையும் கழிவையும் மட்டும் ஏத்தட்டும், நிகரத்தை மெஷினே போட்டுக்கட்டும். அது நோட்டுல இருக்கற நிகரத்தோட ஒத்துப் போகுதான்னு அன்னிக்கு ராத்திரியே பாருங்க, மாசக் கடைசி வரைக்கும் விடாதீங்க.

கேள்வி: ஆபீஸ் கணக்குக்குக் கம்ப்யூட்டரை முதல்ல கொண்டு வந்தது யாரு, ஏதாவது பேங்க்கா? (குன்னூர் வாசகி)

பதில்: நம்ம ஊருக்காரங்க கேட்டா சந்தோஷப்படுவாங்கம்மா, டீக்கடை கம்பெனிதான்! இங்கிலாந்துல ஜே. லயன்ஸ்னு ஊர் ஊரா டீக்கடை நடத்துனவங்க. கேம்பிரிட்ஜ்ல 1949ல ஓட ஆரம்பிச்ச எட்சாக்ங்கற கம்ப்யூட்டரைப் பார்த்து லியோன்னு சொந்தமாவே ஒண்ணு கட்டி 1951ல பேக்கரி கணக்கை அதுல ஓட்டுனாங்க. அப்புறம் கடைகளுக்குச் சரக்கு அனுப்பறதையும் அதுல ஏத்துனாங்க, எப்படின்னா ஒவ்வொரு கடைக்கும் வழக்கமான ஆர்டர் மெஷின்கிட்ட ஏற்கனவே இருக்கும், கடைக்காரங்க போன்ல மாத்தம் மட்டும் சொன்னாப் போதும். எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் ஒண்ணு, மெஷின் வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடியே ஆபீஸ் வேலை எப்படி நடக்குதுன்னு ஆராயவே தனிப் பிரிவு வெச்சிருந்தாங்க அவங்க. வேலையைச் சீராக்கிட்டு மெஷினுக்குப் போனாங்க.

கேள்வி: குந்தா பக்கம் கடை வெச்சிருக்கேன், மழைக்காலத்துல அடிக்கடி கரண்ட் போகுது. கம்ப்யூட்டர் இருக்கறதால நோட்டை விட்டுடலாமா அக்கா? (மஞ்சூர் வாசகர்)

பதில்: விடாதீங்கண்ணா. கரண்ட் இல்லாத நேரம் நோட்டுல எழுதுங்க, வந்ததும் ஏத்துங்க, ஏத்தின வரிக்குப் பக்கத்துல ஒரு டிக், அப்பதான் ரெண்டு தடவை ஏறாது. தினம் கடை சாத்துறதுக்கு முன்னாடி பென் டிரைவ்ல ஒரு காப்பி எடுத்து வீட்டுக்குக் கொண்டு போங்க, கடையிலயே வெக்காதீங்க. மாசம் ஒரு தடவை அந்தக் காப்பியை வேற கம்ப்யூட்டர்ல திறந்து நேத்து பில் வருதான்னு பார்த்துடுங்க.