ஓகினோ பின்னோக்கி எண்ணினார் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துப் பெண்நோய் மருத்துவர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் ஜப்பானின் கியூசாகு ஓகினோவை முதல் வரிசையில் வைத்திருந்தீர்கள். நான் நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் பாடத்தில் அவர் பெயர் ஒரே வரியில் வந்துபோகிறது: மாதவிடாய்த் தேதிகளை எண்ணிக் கருத்தடை செய்யும் காலண்டர் முறை, தோல்வி அதிகம். அந்தக் கணக்கை நம்பி, வேண்டாம் என்றிருந்தும் மூன்றாவது பிள்ளை பெற்றவர்களை எனக்குத் தெரியும். தோற்றுப்போன ஒரு கருத்தடை முறையைத் தந்தவரை ஏன் இவ்வளவு உயர்த்துகிறீர்கள்? அதையும் க்னாஸ் என்ற ஆஸ்திரியர்தான் கண்டுபிடித்தார் என்கிறார்களே?

செ., விருதுநகர்

அன்புள்ள செ.,

பாடப்புத்தகத்தின் அந்த ஒரு வரி ஓகினோவுக்குச் செய்திருப்பது பெரிய அநியாயம். கருத்தடைக்கு வழிதேடி அவர் ஆராய்ச்சி செய்யவில்லை. தன் கணக்கை அதற்குப் பயன்படுத்தியபோது எதிர்த்தவர் அவர்.

1882-இல் டொயோஹாஷி என்ற ஊரில் பிறந்து, ஓகினோ குடும்பத்துக்குத் தத்துப்பிள்ளையாகப் போனவர். 1909-இல் டோக்கியோவில் மருத்துவப் படிப்பை முடித்தார். 1912-இல் நீகாட்டா நகரின் தகெயாமா மருத்துவமனையில் சேர்ந்தார். வாழ்நாளெல்லாம் அங்கேயேதான். பகலில் பிரசவமும் அறுவை சிகிச்சையும். மற்ற நேரத்தில் அதே ஊர் மருத்துவக் கல்லூரியின் ஆய்வகத்தில் நுண்ணோக்கி.

அந்தக் கால ஜப்பானில் ஒரு சொலவடை உண்டு: கல்யாணமாகி மூன்று வருடத்தில் பிள்ளை பெறாதவள் புகுந்த வீட்டை விட்டுப் போக வேண்டும். நம்மூரில் ‘மலடி’ என்ற சொல் செய்த கொடுமையை அங்கே அந்தச் சொலவடை செய்தது. அப்படிப்பட்ட பெண்களுக்கு மருத்துவர் சொல்லக்கூடியது என்ன? எந்த நாட்களில் சேர்ந்தால் கரு தங்கும் என்றாவது சொல்ல முடியுமா? முடியாது. அன்று உலகில் யாருக்குமே அது சரியாகத் தெரியாது.

இங்கேதான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவர்கள் பலர், விலங்குகள் பருவத்துக்கு வருவதும் பெண்ணின் மாதவிடாயும் ஒன்றே என்று நினைத்தார்கள். முட்டை வெளிவருவது மாதவிடாயை ஒட்டித்தான், ஆகவே மாதத்தின் நடுப்பகுதி ஆபத்தில்லாதது என்று ஆலோசனையும் சொன்னார்கள். உண்மைக்கு நேர் தலைகீழ்! அதை நம்பி எத்தனை பெண்கள் கருவுற்றிருப்பார்கள் என்று நினைக்கவே மனம் பதறுகிறது. ஓகினோவின் காலத்துக்குள் இந்தக் கருத்து ஆட்டம் கண்டுவிட்டது. ஆனால் அதற்குப் பதிலாக ஆளுக்கொரு நாளைச் சொன்னார்கள். முதல் உலகப் போரில் சிப்பாய்கள் சில நாள் விடுப்பில் வீடு வந்துபோன தேதிகளை வைத்துக்கூட ஜெர்மனியில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். எல்லோரும் போன மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து முன்னோக்கி எண்ணினார்கள். விடைகள் ஒத்துப்போகவில்லை.

வேறு நோய்களுக்காக வயிற்றைத் திறந்த பெண்களின் சூலகங்களை ஓகினோ கவனித்தார். முட்டை வெளியேறிவிட்டதா, வெளியேறிய இடத்தில் உருவாகும் கார்பஸ் லூட்டியம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணுக்கு அடுத்த மாதவிடாய் என்று வருகிறது என்பதையும் விசாரித்துக் குறித்தார். அங்கிருந்து பின்னோக்கி எண்ணியபோது, அதுவரை சிதறிக் கிடந்த எண்கள் ஒரு வரிசைக்கு வந்தன. மாதவிடாய்ச் சுழற்சி 25 நாளோ 35 நாளோ, முட்டை வெளிவருவது அடுத்த மாதவிடாய்க்கு 12 முதல் 16 நாட்களுக்கு முன்பு. மாறுவது சுழற்சியின் முன்பாதி. கார்பஸ் லூட்டியம் ஆளும் பின்பாதி அநேகமாக மாறாது. ஸ்கேனும் ஹார்மோன் பரிசோதனையும் இல்லாத காலத்தில், ஒரு மாகாண நகரத்து மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே இதைக் கண்டார் என்பதை நினைத்துப் பாருங்கள். எனக்கு இது அந்தத் தலைமுறையின் மிகப் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று.

1924-இல் ஜப்பானிய மொழியில் எழுதினார். ஐரோப்பாவுக்கு அது எட்டவில்லை. 1929-இல் ஜெர்மனிக்குப் போய், மறு ஆண்டு அங்குள்ள மருத்துவ இதழில் வெளியிட்டார். இதற்கிடையில் க்னாஸ், கருப்பைத் தசையின் இயக்கத்தை அளந்து, 1928-29 வாக்கில் ஏறக்குறைய அதே முடிவுக்குத் தனியாக வந்திருந்தார். இருவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஓகினோவின் கட்டுரை நான்கு ஆண்டுகள் முந்தியது.

உடனேயே, 1930-களின் தொடக்கத்தில், நெதர்லாந்திலும் அமெரிக்காவிலும் கத்தோலிக்க மருத்துவர்கள் இந்தக் கணக்கைப் பிள்ளை வேண்டாதவர்களுக்கான அட்டவணையாக்கினார்கள். 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ், இத்தாலியப் பேறுகால மருத்துவச்சிகளிடம் பேசும்போது, தக்க காரணமிருந்தால் இம்முறையைக் கைக்கொள்ளலாம் என்றார். ஓகினோவுக்கு இதில் உடன்பாடே இல்லை. இதைவிட நம்பகமான வழிகள் இருக்கின்றன என்றார். கணக்கு பிசகினால் விளைவைச் சுமக்கப்போவது பெண் என்பதை அவர் தினமும் பார்த்தவர்.

அவர் தயங்கியதற்குக் காரணம் அந்தக் கண்டுபிடிப்பிலேயே இருக்கிறது. ரயில் வந்து சேர்ந்த நேரத்தை வைத்து அது எப்போது புறப்பட்டது என்று சொல்லிவிடலாம். இன்னும் வராத ரயிலுக்கு என்ன செய்வது? அடுத்த மாதவிடாய் என்று வரும் என்பது முன்கூட்டி உறுதியாகத் தெரியாது. ஒரு காய்ச்சல், ஒரு பயணம், ஒரு துக்கம் போதும் அதைத் தள்ளிப்போட. பிள்ளை வேண்டுகிறவருக்கு ஒரு மாதம் தவறினால் அடுத்த மாதம் இருக்கிறது. வேண்டாதவருக்கு அப்படியில்லை. இன்னொன்றும் உண்டு. விந்தணு மூன்று நாள் உயிரோடிருக்கும் என்று எடுத்துக்கொண்டு, கருத்தரிக்கும் காலத்தை எட்டு நாட்களாக, அதாவது அடுத்த மாதவிடாய்க்கு 19 முதல் 12 நாட்களுக்கு முன்பாக வகுத்தார். ஐந்து நாள் வரைகூட அது தாங்கும் என்று இன்று தெரிகிறது. உங்களுக்குத் தெரிந்தவர்களை ஏமாற்றியது முட்டையின் காலத்தைப் பற்றிய ஓகினோவின் விதி அல்ல. வராத தேதியை வந்ததாக வைத்துப் போட்ட அட்டவணை.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சையிலும் அவர் பெரிய கைகாரர். ஒகபயாஷி என்ற ஜப்பானிய மருத்துவர் வகுத்த முறையைச் செப்பனிட்டார். 1975 ஜனவரி 1 அன்று, 92 வயதில் மறைந்தார்.

உங்கள் படிப்பை ஒட்டி ஒன்று. குழந்தையின்மைக்காக வரும் பெண்களுக்கு ‘21-ஆம் நாள் புரோஜெஸ்டிரோன்’ என்று, முட்டை வெளியானதா என அறியும் ஹார்மோன் இரத்தப் பரிசோதனையை எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து எண்ணும் கணக்கு அது. 28 நாள் சுழற்சிக்குத்தான் அது 21. முட்டை வெளியாகி ஒரு வாரம், அடுத்த மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன்பு என்பதே அதன் பொருள். 35 நாளுக்கு ஒருமுறை வருகிற பெண்ணுக்கு 21-ஆம் நாள் இரத்தம் எடுத்தால், முட்டையே வெளிவரவில்லை என்று பொய்யான முடிவு வரக்கூடும். அவருக்கு 28-ஆம் நாள் எடுக்க வேண்டும். சீட்டில் 21 என்று இருந்தாலும், எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டு, தேவைப்பட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.