பழைய சீட்டு, அதே மாத்திரை

கேள்வி: என் கணவருக்கு 52 வயது, நன்றாகப் படித்தவர். சளி, காய்ச்சல், மூட்டுவலி எது வந்தாலும் பழைய மருந்துச் சீட்டைத் தேடியெடுத்து அதே மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். டாக்டரிடம் போகலாம் என்றால் எரிந்து விழுகிறார். விவரம் தெரிந்தவர்களே ஏன் இப்படிச் செய்கிறார்கள்?

டாக்டர் பதில்: போன தடவை அந்த மாத்திரையில் குணமானதே, அதுதான் காரணம் அம்மா. நேரமில்லை, செலவு என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சளிக்காய்ச்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வைரஸால் வருவது. ஒரு வாரம் பத்து நாளில் தானாகவே விட்டுவிடும். நாலாம் நாள் பொறுக்க முடியாமல் ஆன்டிபயாடிக் போடுகிறார். ஆறாம் நாள் உடம்பு தேறுகிறது. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது, ஆனாலும் நல்ல பெயர் அதற்குத்தான் போகிறது. அடுத்த முறை கை தானாகவே அந்தச் சீட்டைத் தேடும். படிப்பு இதைத் தடுக்காது. பென்சிலின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் தன் நோபல் உரையிலேயே இதைச் சொல்லி எச்சரித்தார்: யார் வேண்டுமானாலும் பென்சிலினைக் கடையில் வாங்கும் காலம் வரலாம், அரைகுறை அளவில் சாப்பிட்டால் கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாகிவிடும் என்று.

வெளியே சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு: பயம். டாக்டரிடம் போனால் ரத்தப் பரிசோதனை எழுதுவார், அதில் ஏதாவது வந்துவிட்டால்? உங்கள் கணவரின் கோபத்துக்குப் பின்னால் இது இருக்கலாம். அதனால் அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள்.

ஒரு நாள் தலைவலிக்கு பாராசிட்டமால் போடுவதை நான் தப்பு என்று சொல்லமாட்டேன். பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கிறது. காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று போடுபவர் ஒரே மருந்தை இரண்டு பெயரில் விழுங்குகிறார். அளவு மீறினால் கல்லீரல் கெடும். அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருப்பதை அவரைப் படிக்கச் சொல்லுங்கள்.

எனக்கு அதிகக் கவலை மூட்டுவலி மாத்திரைதான். டைக்ளோபெனாக், ஐபுபுரூபன் போன்றவை வயிற்றைப் புண்ணாக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும். பிரஷர் மாத்திரையும் நீர் பிரிய மாத்திரையும் சாப்பிடுபவர் இதையும் சேர்த்தால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். பழைய சீட்டை எழுதியபோது அவருக்குப் பிரஷர் இருந்திருக்காது. இப்போது?

சரி, ஒன்று செய்யுங்கள். வீட்டிலிருக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும், உங்களுடையதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போங்கள். "இதில் எதை எதோடு சாப்பிடலாம்?" என்று கேட்பதற்கு மட்டும். இதற்கென்றால் அவரும் வரச் சம்மதிப்பார். ஆனால் காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, மலம் தார்போல் கறுத்துப் போனாலோ, அவர் சம்மதத்துக்குக் காத்திருக்காமல் உடனே அழைத்துப் போய்விடுங்கள்.