லேண்ட்லைன் பில்லைக் குறைக்க மாற்று நிறுவனங்கள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் லேண்ட்லைன் ஒரு நிறுவனத்துடையது. லைனை மாற்றாமலே வேறு நிறுவனம் வழியாகக் குறைந்த கட்டணத்தில் பேசலாம் என்கிறார்களே, எப்படி?

பதில்: வீட்டுச் சுவரிலிருந்து எக்ஸ்சேஞ்ச் வரை வரும் கம்பி உங்கள் நிறுவனத்துடையது. அதற்கு அப்பால் அழைப்பை யார் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள் என்பது வேறு கணக்கு. மாற்று நிறுவனங்கள் விற்பது அந்தப் பின்பாதியைத்தான். அதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, முன்கோடு. கூப்பிட வேண்டிய எண்ணுக்கு முன்னால் அந்த நிறுவனத்தின் கோடு எண்ணைச் சேர்த்து அழுத்தினால் எக்ஸ்சேஞ்ச் அழைப்பை அவர்களிடம் தள்ளிவிடும். அமெரிக்காவில் 10-10 என்று தொடங்கும் 7 இலக்கக் கோடுகள் இப்படி வந்தவைதான். ஜெர்மனியில் 1998-இல் தொலைபேசிச் சந்தை திறந்துவிடப்பட்டபோது 010 என்று தொடங்கும் கோடுகள் வந்தன. கட்டணம் உங்கள் வழக்கமான பில்லிலேயே வரலாம், அல்லது தனிக் கணக்கில் கழியலாம். சேருமுன் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, முன்தேர்வு. ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லா வெளி அழைப்புகளும் தாமாகவே அந்த நிறுவனம் வழியாகப் போகும். கோடு அழுத்தும் வேலை இல்லை. ஆனால் லைன் வாடகை பழைய நிறுவனத்துக்குத் தொடர்ந்து கட்ட வேண்டும். இன்டர்நெட்டோடு சேர்த்துத் தந்த சலுகை ஏதாவது இருந்தால் அது கைவிட்டுப் போகுமா என்பதையும் பாருங்கள்.

மூன்றாவது, அணுகு எண். முதலில் ஒரு சாதாரண எண்ணைக் கூப்பிட வேண்டும். அது எடுத்ததும் உங்கள் ரகசிய எண்ணான பின் நம்பர் (PIN), பிறகு போக வேண்டிய எண், கடைசியில் ஹாஷ் (#). நாம் கார்டு வாங்கிப் பேசுவது இந்த வகைதான். எக்ஸ்சேஞ்ச் ஒத்துழைக்க வேண்டிய அவசியமே இல்லாததால், முன்கோடு செல்லாத இடங்களிலும் இது செல்லும்.

கேள்வி: நிமிடத்துக்கு 2 காசு என்று விளம்பரம் பார்த்துச் சேர்ந்தேன். முன்பு 5 காசு. ஆனால் பில் குறையவில்லை, கொஞ்சம் கூடத்தான் செய்திருக்கிறது. ஏமாற்றுகிறார்களா?

பதில்: ஏமாற்று என்று சொல்ல முடியாது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது நிமிடக் கட்டணம் மட்டும். சிறிய எழுத்தில் இரண்டு விஷயங்கள் இருந்திருக்கும்: அழைப்பு இணைந்ததும் விழும் இணைப்புக் கட்டணம், பிறகு நிமிடத்தை முழுதாக்கும் முறை.

கணக்குப் போட்டே பார்ப்போம். புது நிறுவனத்தில் நிமிடம் 2 காசு, இணைப்புக் கட்டணம் 8 காசு, அரை நிமிடம் பேசினாலும் ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழையதில் 5 காசு, இணைப்புக் கட்டணம் இல்லை, நொடிக் கணக்கு. நீங்கள் 1 நிமிடம் 10 நொடி பேசினால் புதியதில் 8-உம் இரண்டு நிமிடத்துக்கு 4-உம் சேர்ந்து 12 காசு. பழையதில் 6 காசுக்கும் குறைவு. அதாவது 'மலிவு' நிறுவனத்தில் இரண்டு மடங்கு. அதே ஆள் 30 நிமிடம் பேசினால் புதியதில் 68 காசு, பழையதில் 150. மூன்று நிமிடத்தையொட்டித்தான் தராசு சாய்கிறது.

ஆகவே போன மாத பில்லை எடுத்து, எந்த ஊர், எத்தனை முறை, ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் என்று மூன்று பத்தியாக எழுதுங்கள். 'வந்து சேர்ந்தாயா', 'சரி வைக்கிறேன்' வகை அழைப்புகள் அதிகமுள்ள வீட்டுக்கு இணைப்புக் கட்டணமில்லாத, நொடிக் கணக்கு நிறுவனம்தான் சரி. வாரம் ஒருமுறை உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுகிறவர்கள் நிமிடக் கட்டணத்தை மட்டும் பார்த்தால் போதும்.

கார்டு என்றால் இன்னும் இரண்டைக் கவனியுங்கள்: வாரத்துக்கொருமுறை கழியும் பராமரிப்புக் கட்டணம், காலாவதித் தேதி. அடிக்கடி பேசாதவர்களின் கார்டு பேசாமலே கரைவது இதனால்தான். இலவச அணுகு எண், உள்ளூர் அணுகு எண் என இரண்டு தந்திருந்தால், 'இலவச' எண்ணில் கூப்பிடும்போது நிமிடக் கட்டணம் பெரும்பாலும் அதிகம். அந்த அழைப்பின் செலவை யாராவது ஏற்க வேண்டுமல்லவா?

கேள்வி: எதிர்முனையில் யாரும் எடுக்காத அழைப்புக்கும் பில் வந்திருக்கிறது.

பதில்: அணுகு எண் வழியாகக் கூப்பிட்டிருப்பீர்கள். அந்த எண்ணில் இருக்கும் கருவி 'எடுத்துவிட்டது' என்பதால் உங்கள் லைன் நிறுவனத்துக்கு அது முடிந்த அழைப்பு. அப்பால் மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தாலும் இங்கே மீட்டர் ஓடும். உங்கள் திட்டத்தில் உள்ளூர் அழைப்புகள் இலவசம் என்றால் நஷ்டமில்லை. இல்லையென்றால் ஏழெட்டு முறை மணியடித்ததற்கு மேல் காத்திருக்காதீர்கள். முன்கோடு முறையில் இந்தத் தொல்லை பொதுவாக இருக்காது.

கேள்வி: பின் நம்பரைச் சரியாகத்தான் அழுத்துகிறேன். 'தவறான எண்' என்றே குரல் சொல்கிறது.

பதில்: பழைய போன்கள் பல்ஸ் முறையில் எண்ணை அனுப்பும், காதில் டக்டக் என்று கேட்கும். அணுகு எண்ணில் உள்ள கருவிக்குப் புரிவது டோன், அதாவது 'பீப்' ஒலி, மட்டுமே. போனின் அடியிலோ பக்கவாட்டிலோ பல்ஸ்-டோன் சுவிட்ச் இருந்தால் மாற்றுங்கள். பல போன்களில் இணைந்த பிறகு நட்சத்திரக் குறியை ஒருமுறை அழுத்தினால் அந்த அழைப்புக்கு மட்டும் டோனாகிவிடும்.

டோன் சரியாக இருந்தும் வரவில்லையா? நினைவில் பதித்த எண்ணாக இருந்தால், குரல் பேசி முடிக்குமுன்பே போன் எல்லா இலக்கங்களையும் கொட்டியிருக்கும். அணுகு எண்ணுக்கும் பின் நம்பருக்கும் நடுவில் இரண்டு மூன்று இடைநிறுத்தங்கள் சேர்த்துப் பதியுங்கள். பல கார்ட்லெஸ் போன்களில் ரீடயல் பட்டனை நெடுநேரம் அழுத்தினால் திரையில் 'P' விழும், அதுதான் இடைநிறுத்தம். பின் நம்பரே கேட்காமல் உங்கள் எண்ணைப் பார்த்து அடையாளம் காணும் சேவையானால், எண்ணை மறைக்கும் வசதி போட்டிருக்கக் கூடாது.

கேள்வி: முன்கோடு போட்டுத்தான் பேசுகிறோம். ஆனாலும் பாதி அழைப்புகள் பழைய நிறுவனக் கணக்கிலேயே வருகின்றன.

பதில்: மிஸ்டு கால் பட்டியலிலிருந்து திருப்பிக் கூப்பிடுகிறீர்கள். பட்டியலில் பதிவாவது வந்த எண் மட்டும், கோடு அதில் இராது. வீட்டில் மற்றவர்கள் செய்வதும் பெரும்பாலும் இதுதான். அடிக்கடி பேசும் பத்துப் பேரின் எண்ணைக் கோடோடு சேர்த்து போன்புக்கில் ஏற்றி, அங்கிருந்தே கூப்பிடச் சொல்லுங்கள். உள்ளூர் எண்ணானாலும் ஊர்க் கோடு சேர்த்தே பதியுங்கள். மாற்று நிறுவனத்துக்கு நீங்கள் எந்த ஊர் என்று தெரிய வேண்டிய கட்டாயமில்லை. அவசர எண்களுக்கு முன்கோடு போடவே கூடாது.

கேள்வி: ஒரே நாட்டுக்குத்தான் பேசுகிறேன். சில எண்களுக்குப் பல மடங்கு கட்டணம், ஏன்?

பதில்: அவை மொபைல் எண்களாக இருக்கும். அழைப்பைப் பெற்றுக்கொள்ளும் நெட்வொர்க் அனுப்பியவரிடம் முடிப்புக் கட்டணம் வசூலிக்கிறது. பல நாடுகளில் மொபைலுக்கு அது லேண்ட்லைனைவிட அதிகம். பட்டியலில் நாட்டின் பெயரை மட்டும் பார்த்து விட்டுவிடாமல், அதற்குக் கீழே 'மொபைல்' என்ற வரியையும் படியுங்கள்.

கேள்வி: ஃபைபர் இணைப்புக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து முன்கோடு வேலை செய்யவில்லை.

பதில்: பெரும்பாலும் இனி வேலை செய்யாது. ஃபைபரில் உங்கள் 'லேண்ட்லைன்' உண்மையில் இன்டர்நெட் வழியாகப் போகும் குரல். கோடுகளை ஏற்க வேண்டிய பழைய எக்ஸ்சேஞ்ச் அங்கே இல்லை. ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் லைன்களில் 2024 இறுதியோடு முன்கோடு முறையே முடிந்துவிட்டது. பிரிட்டனில் பழைய செம்புக்கம்பித் தொலைபேசி வலையை 2027 ஜனவரியில் நிறுத்தத் திட்டம்.

உங்களுக்கு இரண்டு வழிகள். அணுகு எண் சேவை ஃபைபரிலும் நடக்கும். இல்லையென்றால் ஏடிஏ என்ற சிறு அடாப்டரை வாங்கி, இன்டர்நெட் தொலைபேசி நிறுவனம் ஒன்றில் கணக்குத் திறந்து, பழைய போனையே அதில் மாட்டலாம். என் பரிந்துரை இரண்டாவது. மாட்டும்போது தவறுகிற இடங்கள் இவை:

அடாப்டரின் 'போன்' துளையில் போன், நெட்வொர்க் துளையிலிருந்து ரூட்டருக்கு கேபிள். போன் துளையை ஒருபோதும் சுவரிலுள்ள பழைய லைன் சாக்கெட்டோடு இணைக்காதீர்கள். அந்தத் துளையே லைனுக்கு மின்சாரம் தருவது. எக்ஸ்சேஞ்சின் மின்சாரமும் எதிரே வந்தால் அடாப்டர் கருகக்கூடும். வட்ட டயல் போன் வைத்திருப்பவர்கள் பல்ஸ் ஏற்கும் அடாப்டரா என்று கேட்டு வாங்குங்கள், பல மாடல்கள் ஏற்பதில்லை.

அடாப்டரின் அமைப்புப் பக்கத்தில் நிறுவனம் தந்த சர்வர் பெயர், பயனர் பெயர், பாஸ்வேர்டு மூன்றும் போக வேண்டும். போர்ட் வழக்கமாக 5060. ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்டால் பெரும்பாலும் குற்றவாளி ரூட்டரில் உள்ள 'சிப் ஏஎல்ஜி' (SIP ALG) என்ற வசதி, அதை அணைத்துவிடுங்கள். வெளியே பேச முடிகிறது, ஆனால் கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வரும் அழைப்பு மணியடிப்பதில்லை என்றால், ரூட்டர் அந்தப் பாதையை மூடிவிடுகிறது. பாதை மூடாமலிருக்க அடாப்டர் அவ்வப்போது அனுப்பும் 'கீப் அலைவ்' சமிக்ஞையின் இடைவெளியை 30 நொடி அளவுக்கு வையுங்கள். எண்ணை அழுத்தியபின் நாலைந்து நொடி அமைதியாக இருப்பது கோளாறல்ல, இன்னும் இலக்கம் வருமா என்று அடாப்டர் காத்திருக்கிறது. கடைசியில் ஹாஷ் அழுத்துங்கள், உடனே போகும்.

இன்டர்நெட் வேகம் பற்றிக் கவலை வேண்டாம். குரலை டிஜிட்டலாக மாற்றும் ஜி.711 முறையில் ஒரு திசைக்கு நொடிக்கு 90 கிலோபிட்டுக்குள்தான். ஒரு மணி நேரப் பேச்சுக்கு இரு திசையும் சேர்த்து 80 எம்பி அளவு ஆகும்.

இரண்டு எச்சரிக்கை. கரண்ட் போனால் ரூட்டரும் அடாப்டரும் படுத்துவிடும், அவசரத்துக்கு மொபைலோ சிறு யுபிஎஸ்ஸோ வேண்டும். பழைய எண்ணைப் புது நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்வதானால், மாற்றம் முடியும்வரை பழைய இணைப்பை ரத்து செய்யாதீர்கள். ரத்தான எண்ணை மாற்ற முடியாமல் போகலாம்.

கேள்வி: ப்ரீபெய்டு கணக்கில் எவ்வளவு போட்டு வைக்கலாம்? மொத்தமாகப் போட்டால் போனஸ் தருகிறார்கள்.

பதில்: இரண்டு மாதப் பேச்சுக்குத் தேவையானது போதும். லேண்ட்லைனுக்குப் பேச உலகமே பயன்படுத்திய ஸ்கைப் 2025 மே 5 அன்று மூடப்பட்டது; சிறு நிறுவனங்கள் மூடும்போது செய்தி கூட வராது. தானாக ரீசார்ஜ் ஆகும் வசதியை அணைத்து வையுங்கள். பாஸ்வேர்டு கசிந்தால் திருடன் உங்கள் கணக்கில் இரவோடிரவாக விலையுயர்ந்த எண்களுக்குப் பேசித் தீர்ப்பான், ஆட்டோ ரீசார்ஜ் இருந்தால் தீரத்தீர நிரப்பிக் கொடுக்கும். நீங்கள் கூப்பிடாத நாடுகளைக் கணக்குப் பக்கத்திலேயே தடை செய்துவிடலாம். ஒரே முறை மணியடித்து நின்றுவிடும் அறியாத வெளிநாட்டு மிஸ்டு காலைத் திருப்பிக் கூப்பிடுவதும் இதே பள்ளம்தான். ஜப்பானில் இதற்கு 'வாங்கிரி' என்று பெயரே இருக்கிறது.