பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரின் 'கஞ்சன்' நாடகம் இன்றைக்கும் நமக்குப் பொருந்துமா?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் நாடகக் குழுவில் இருப்பவர் போலத் தெரிகிறது. 1668ல் பாரிஸில் மேடையேறியதைச் சென்னையில் போட்டால் எடுபடுமா என்ற பயம் இருக்கும். நான் அதில் நடித்தவள். தைரியமாகப் போடுங்கள்.

அர்பகோன் என்ற பணக்காரர் 10,000 பொற்காசுகளைத் தோட்டத்தில் புதைத்து வைத்திருக்கிறார். மகன் காதலிக்கும் பெண்ணைத் தானே கட்டிக்கொள்ளப் பார்க்கிறார். மகளை ஐம்பது வயதுக்காரருக்குக் கொடுக்கத் துடிக்கிறார். ஏனென்றால் அவர் வரதட்சணை கேட்கவில்லை. யார் என்ன நியாயம் சொன்னாலும், "வரதட்சணை இல்லாமல்!" என்ற ஒரே பதில்தான்.

மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒத்திகை. நான் மகள் எலீஸ். அந்த வசனம் மூன்றாம் தடவை வந்தபோது, காபி எடுத்துக்கொண்டு மேலே வந்த சித்தி கடைசிப் படியிலேயே நின்றுவிட்டார். தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. "எங்கப்பாவும் இதையேதாண்டி சொன்னார்" என்றார்.

சித்தியைப் பதினாறு வயது மூத்தவருக்குக் கொடுத்தார் தாத்தா. ஒரு பைசா கேட்கவில்லை, கல்யாணச் செலவும் அவர்களுடையதே என்று ஊரெல்லாம் சொல்லிப் பூரித்தாராம். வரதட்சணை வாங்காதவரைக் குறை சொல்கிறாயா என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள். 1961லேயே சட்டம் போட்டும் ஒழியாத வழக்கம் அது, வேண்டாம் என்றவரை மதிக்கிறேன். சித்தப்பா நல்லவர்தான். ஆனால் சித்தியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா? அன்றிலிருந்து அந்தக் காட்சியில் நான் தலையைக் குனியவில்லை. அர்பகோனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எங்களுக்குக் கிடைத்த சபாவில் மேடை மைக் இரண்டில் ஒன்று ஊமை. வாடகையில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. டிசம்பர் கச்சேரிக்கு மட்டும் எல்லா மைக்கும் பேசும். நாடகக்காரர்கள் என்றால் அவ்வளவு இளப்பம்!

அப்புறம், பணப்பெட்டி காணாமல் போகும் காட்சி. அர்பகோன் தன் கையையே திருடன் கை என்று பிடித்துக்கொள்வார், பார்வையாளர்கள் மேலும் சந்தேகப்படுவார். அப்போது அரங்க விளக்குகளைப் போடச் சொல்லுங்கள். நாங்கள் போட்டோம். பக்கவாட்டில் நின்றிருந்த எனக்கு மூன்றாவது வரிசை நன்றாகத் தெரிந்தது. சித்தி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சித்தப்பா சிரிக்காமல் சித்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்.